அசாயிக் காவலர்

பிரேசிலின் வடக்கே, பாரா மாநிலத் தலைநகரான பெலெமில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு ரியோ டி ஜெனீரோவில் குடியேறியோருள் ஒரு வகையினரை அசாயிக் காவலர் என்று அழைக்கலாம். பிடித்த பழம் எது என்று கேட்டால், கொக்கோவுக்கு உறவான குப்புவாசு, தடித்த தோலுக்குள் வெண்சதையை ஒளித்து வைத்திருக்கும் பக்குரி, புளிப்பு மிக்க தப்பெரபா என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். அசாயி மட்டும் அதில் இராது. பிடித்த பலகாரம் எது என்றால் சோறு என்று எவரும் சொல்வதில்லை அல்லவா?

அசாயி என்பது பனைக் குடும்பத்து மெலிந்த மரமொன்றில் குலைகுலையாய்க் காய்க்கும், பெரும்பகுதி கொட்டையேயான சிறு கருஊதாக் கனி. நம் பனையேறிகளின் தளைநாரை ஒத்த வளையத்தைக் காலில் மாட்டி ஏறிப் பறிக்கும் இக்கனி, விடியுமுன் பெலெமின் வேர்-ஒ-பேசு சந்தையை அடுத்த துறையில் கூடைகூடையாய் இறங்கி, சிவப்பு அடையாளம் தொங்கும் கடைகளில் அன்றே தண்ணீர் விட்டு அரைபட்டு, பொரித்த மீனுக்கும் வறுத்த மரவள்ளிக் குருணைக்கும் துணையாக உணவு மேசைக்கு வருகிறது. அதில் சர்க்கரை சேர்ப்போர் பெலெமிலும் உண்டு. காவலர் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

பறித்த கனி விரைவில் கெட்டுவிடுவதால், அதன் கூழை உறையவைத்தே தெற்கே அனுப்ப இயலும். அவ்வாறு வந்த பனிக்கட்டிக் கூழைக் குவரானா என்னும் கனியின் பாகும் வாழைப்பழமும் சேர்த்து அடித்து, மேலே கிரனோலா என்னும் வறுத்த ஓட்ஸ் கலவையைத் தூவி உண்ணும் வழக்கம், 1980களில் ரியோவின் ஜியு-ஜிட்சு மல்லர்களிடையிலும் அலைச்சறுக்கு இளைஞர்களிடையிலும் பரவியது. இக்கிண்ணத்தை இபனேமா கடற்கரைக் கடையில் முதன்முதல் காண நேரும் காவலர், சிறிதுநேரம் பேச்சிழந்து நின்று, பின்னர் மீன் எங்கே என்று வினவுகிறார். வாழைப்பழம் கூடுதலாக வேண்டுமா என்று பரிமாறுபவர் பணிவுடன் திருப்பிக் கேட்பதை, பாரா மாநிலத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலாகவே கொள்கிறார்.

ஆயினும் ஆராயாமல் கண்டிப்பது முறையன்று என்பதால் ஒரு கரண்டி எடுப்பார். குளிரால் சுவை தெளிவாகத் தெரியவில்லை என்பதால் மற்றொன்று எடுப்பார். பெலெமின் கடைகளிலேயே அசாயி ஐஸ்கிரீம் விற்பதை எவரேனும் நினைவூட்டினால், அது ஐஸ்கிரீம், இது அவமதிப்பு என்று நீண்ட விளக்கம் தருவார். விளக்கம் முடிவதற்குள் அவமதிப்பு முழுவதும் காலியாகியிருக்கும். அவருடன் ரியோவின் கடற்கரைக்குச் செல்ல நேரும் வாசகர், தமக்கெனத் தனிக் கிண்ணம் வாங்கிக்கொள்வது நலம்.