இழவுச் சேதிக்கு முந்துற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, செத்தவங்களுக்கு அழுறதுல நீ கெட்டிக்காரன், ஒத்துக்கிறேன். உயிரோட இருக்கிறவங்களுக்கும் சேத்துல்ல அழுதுபுடுற! 2020 ஜூன்ல எஸ்.ஜானகியம்மா போய்ச் சேந்துட்டாங்கன்னு வாட்ஸப்பு ஸ்டேட்டஸ்ல மெழுகுவத்தி ஏத்துனியே. எஸ்.பி.பி.யே வீடியோவுல வந்து, ‘அவங்க நல்லா இருக்காங்க, வதந்தி பரப்பாதீங்க’ன்னு வையாத குறையாச் சொன்னாரு. நீ வாயத் திறக்கல. மெழுகுவத்தி கைவசம் இருந்தா அடுத்த ஆளுக்கு ஆகும்னு நெனச்சிருப்பே.

ரெண்டு மாசத்துல எஸ்.பி.பி.யே படுத்துட்டாரு. ஆகஸ்ட் 5ல ஆஸ்பத்திரிக்குப் போனவரு செப்டம்பர் 25 வரைக்கும் போராடுனாரு. மகன் சரண் வந்து வந்து நெலவரம் சொன்னாரு. வாசல்ல மைக்கோட நின்னவனுக்கு வேண்டியது ஒரே சேதிதான். தாமரைப்பாக்கத்துல அடக்கம் பண்ணுன ராத்திரி டீக்கடையில நீங்க பேசுனது என்ன? விஜய் கூட்டத்துல கெடந்த ரசிகன் செருப்ப எடுத்துக் குடுத்தாரு, அஜித் ஏன் வரல. அம்புட்டுத்தான். அத்தன ஆயிரம் பாட்டுப் பாடுன மனுசனுக்கு அஞ்சலி ஒரு செருப்புல வந்து நின்னுபோச்சு.

வாணி ஜெயராமுக்கு 2023 ஜனவரியில பத்மபூஷண் அறிவிச்சாங்க. பிப்ரவரி 4ல வீட்டுல விழுந்து செத்துப்போனாங்க. உடனே டிவியில செகப்பு எழுத்துல ‘மர்மம்’. விழுந்ததுல தலையில அடிபட்டதுதான்னு போலீஸ் சொன்னதும் செகப்பும் போச்சு, வாணியம்மாவும் போயிட்டாங்க.

அந்தக் காலத்துல நாடகத்துல பாடுன கிட்டப்பா, நம்ம ரயிலு போற செங்கோட்டைக்காரரு. 1933ல, முப்பது வயசு ஆகுமுன்னே போயிட்டாரு. அவரு பொஞ்சாதி கே.பி.சுந்தராம்பாள் அன்னிக்குக் கட்டுன வெள்ளச்சீலய 1980ல கண்ண மூடுற வரைக்கும் மாத்தல. உன்ன அப்பிடி இருக்கச் சொல்லல. உன் வெள்ளவேட்டிய வெளுக்க வீட்டுல ஆளு கெடையாது. வாட்ஸப்புக்காரன் புண்ணியத்துல உன் துக்கம் 24 மணி நேரத்துல தானா அழிஞ்சிருது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு நாயனக்காரரு கன்னம் பொடைக்க வாசிச்சாரே, நீ அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு செல்பி எடுத்தே. அவரு பேரு தெரியுமாலே? தெரியாட்டிப் போ, செத்தா பிளெக்ஸ்ல போடுவாங்க, படிச்சுக்கலாம்.

பிளெக்ஸுன்னதும் ஞாபகம் வருது. ராஜபாளையத்துல அடிச்சீங்களே, பாடுனவரு தபால்தலை அளவுக்கு, நீங்க பதினோரு பேரும் கூலிங்கிளாஸோட ஆளுயரத்துக்கு. எந்தப் பயலுக்குக் கண்ணீர் அஞ்சலின்னே வெளங்கல. ஆனா துணி கெட்டித் துணிதான், வைக்கப்படப்புக்கு மேல போத்தியிருக்கேன். மேக்க ஒரு முழம் எட்டல, தண்ணி எறங்குது. அடுத்து யாருக்கு அடிச்சாலும் நீளத்தக் கொஞ்சம் கூட்டியே அடிங்க.