லீவுக்கு வா மச்சி, சுத்திக் காட்டுறேன்

தொடர் விடுமுறை என்றால் முந்தின நாள் சாயங்காலமே சென்னை காலியாகத் தொடங்கிவிடும். பெட்டியும் பையுமாகப் பாதி ஊர் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், திருநெல்வேலியிலிருந்தோ தென்காசியிலிருந்தோ ஓர் அப்பாவி உள்ளே வந்துகொண்டிருப்பார். அவரை வரச்சொன்ன புண்ணியவான்தான் நம் கதாநாயகர்.

இவர் சென்னைக்கு வந்து எட்டு வருஷம் இருக்கும். வில்லிவாக்கத்தில் ரூம், கிண்டியில் வேலை. பேச்சைக் கேட்டால் மட்டும், 1639இல் நாயக்கர்கள் கம்பெனிக்காரனுக்கு இந்த மணல்மேட்டை எழுதிக் கொடுத்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரோ என்று தோன்றும். மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015இல். இவர் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் "நாங்க மெட்ரோ கொண்டாந்தப்போ..." என்றுதான் ஆரம்பிப்பார். ஊரில் "ஏல" என்று கூப்பிட்டவனைத் தாம்பரம் தாண்டியதும் "மச்சி" ஆக்கிவிடுவார்.

வரவேற்பு போனில்தான் நடக்கும். "கிளம்பாக்கத்துல இறங்கிட்டியா? சூப்பர். பக்கந்தான், வந்துடு" என்பார் தூக்கக் கலக்கத்தில். கிளம்பாக்கத்திலிருந்து கோயம்பேடே சுமார் 30 கிலோமீட்டர். வில்லிவாக்கம் அதையும் தாண்டி. இவருடைய அகராதியில் சென்னைக்குள் எல்லாமே பக்கம். "டிராஃபிக் இல்லன்னா இருபது நிமிஷம்" என்பது இவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். விடுமுறை நாளில் சாலை நிஜமாகவே காலியாக இருக்கும்போது, "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று அந்தப் பெருமையையும் தானே எடுத்துக்கொள்வார். ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களுக்கு ஒரு நன்றி கிடையாது.

கட்டடங்களைப் பற்றி இவரிடம் ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. சிவப்பாக இருந்தால் கோர்ட்டு, வெள்ளையாக இருந்தால் ஆஸ்பத்திரி. இந்தக் கணக்குப்படி மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் ஆண்டாண்டு காலமாக நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்; எழும்பூர் ஸ்டேஷனில் வழக்கு நடக்கிறது. விருந்தாளி சந்தேகப்பட்டு ஏதாவது கேட்டால் நடையைக் குறைத்து, போனைச் சட்டைப்பை ஓரமாகச் சரித்து ஒரு பார்வை. அடுத்த நொடியே தொண்டையைச் செருமிக்கொண்டு வரலாறு புறப்படும்: "இந்த லைட் ஹவுஸ் இருக்கே, 1977ல வந்தது. அதுக்கு முன்னாடி ஹைகோர்ட் கோபுரத்து மேலதான் மச்சி விளக்கு எரிஞ்சது." தகவல் சரிதான். அதைச் சொல்லும்போது விருந்தாளியைவிட இவருக்குத்தான் ஆச்சரியம் அதிகம். லிஃப்டில் மேலே போய்க் கடலைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பார். "அடிக்கடி வருவியோ?" என்று கேட்டால், "வேலை அதிகம்ல" என்று பதில் வரும்.

2025இல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாள் லீவு. முதல் நாளே விருந்தாளியை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கிளப்பினார் இப்படி ஒருவர். சோழர் காலத்து நடராஜர், அமராவதிச் சிற்பங்கள் என்று வழியெல்லாம் ஒரே பிரசங்கம். அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை, தேசிய விடுமுறைகளிலும் திறப்பதில்லை. அன்று இரண்டும் ஒன்றாக வந்திருந்தன. பூட்டின கேட்டைப் பார்த்ததும் எட்டு வருஷச் சென்னைத் தமிழ் இறங்கிப்போய், "ஏல, மூடிக் கெடக்குல!" என்று நிஜமான மனிதர் வெளியே வந்தார்.

சாயங்காலம் வேறு கதை. பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோக் கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த தின்பண்டம் இது. நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, மேலே பொடியாக நறுக்கிய கோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கின தட்டை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஆவி பறக்க வாழைத்தண்டு சூப். இங்கே நம்மவர் போனைப் பார்க்கவில்லை. "அண்ணே, ரெண்டு" என்றார். "ஒனக்குக் காரம் தூக்கலா, தெரியும். தம்பிக்கு?" என்றார் கடைக்காரர். "புது ஆளு, கொஞ்சமா போடுங்க." எந்தத் தட்டில் எத்தனை சொட்டு எலுமிச்சை பிழிய வேண்டும், சூப்பை எப்போது கேட்டால் தண்டு நிறைய விழும், மழை வந்தால் எந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கலாம் என்பதெல்லாம் சூத்திரம் இல்லாமலே தெரிந்திருந்தது. சனிக்கிழமைதோறும் தனியாக வந்து சாப்பிட்டுப் போகிறவராம். இதைக் கடைக்காரர்தான் சொன்னார்.

மற்ற இரண்டு நாளும் வழக்கம்போலப் போயின. ரங்கநாதன் தெருவில் தள்ளப்பட்டார்கள், மெரினாவில் மாங்காய் பஜ்ஜி தின்றார்கள், ஒரு மெஸ் வாசலில் பசியோடு வரிசையில் நின்றார்கள். விருந்தாளி எடுத்ததைவிட இவர் எடுத்த செல்ஃபிகள் அதிகம். கலங்கரை விளக்கத்து உச்சிப் படத்துக்கு ஆபீஸ் குரூப்பில் வந்த முதல் கேள்வி: "இது எந்த ஊருடா?"

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பாக்கத்தில் பஸ் புறப்படும்போது, ஜன்னலோரம் ஓடிவந்து உறுதியாகச் சொன்னார்: "ஒண்ணும் கவலப்படாத மச்சி. ஜனவரி 26 திங்கக்கெழம வருது. மூணு நாள் லீவு. அன்னைக்குக் காலையிலயே கிளம்பி மியூசியத்த முடிச்சிடலாம்."