கால வழுவமைதியும் காமலாபுரம் விமானமும்

விமானத் தாமதம் விமான நிலையத்தில் நிகழ்வது என்றே இதுவரை கொள்ளப்பட்டு வந்துள்ளது. பயணி அங்கே உட்கார்ந்திருப்பதாலும் நேரப்பலகை அங்கே தொங்குவதாலும் நேர்ந்த பிழை இது. தாமதத்தை முழுமையாக நுகர்வோர் வழிமேல் விழிவைத்து வீட்டில் இருப்போரே என்பதும், அதை அளக்கத் தக்க இடம் அடுப்படியே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக் களம் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதி. ஒண்டி என்பது தனிமையைக் குறிக்கும் ஆதலின், தனித்து நின்ற கடையால் வந்த பெயர் என்பது சொல்லளவிலேயே விளங்கும். இன்று அங்கே கடைகள் தோளோடு தோள் முட்டி நிற்பது பெயரைச் சற்றும் பாதிக்கவில்லை. ஒண்டுதல் என்னும் வினைக்குப் பிறரிடத்தில் ஓரமாக ஒதுங்கியிருத்தல் என்ற பொருளும் உண்டு. செல்பேசிக்குச் சார்ஜ் போட இடம் தேடிச் சுவரோரம் குந்தியிருக்கும் பயணிக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதால், களத் தேர்வுக்கு வேறு நியாயம் கூற வேண்டியதில்லை.

ஒண்டிக்கடைக்கு அணுக்கமான விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அங்கு இறங்கிவிடலாம் என்பதால், துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவர் சென்னையில் விமானம் மாறி, காமலாபுரத்தில் கார் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடுவதாகச் சொல்லிவைக்கிறார். (ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்கு வருவதில்லை, சென்னையில் கிளம்பிச் சேலம் வழியாக ஈரோட்டுக்குப் போய்விடுகிறது என்பதை வெளியூரார் கருத்தில் கொள்க.) இந்நிலையத்தின் வரலாறே தாமதவியலுக்கு ஒரு சிக்கலை முன்வைக்கிறது. உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் பயணிகள் விமானம் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தை ரத்து என்பதா, ஈராண்டுத் தாமதம் என்பதா என்ற வினாவுக்கு விடை, கேட்கப்படுபவர் சேலத்தாரா அல்லரா என்பதைப் பொறுத்தது.

தாமதம் என்னும் சொல்லுக்கு விமானத் துறையார் தரும் பொருள் வேறு, வீட்டார் தரும் பொருள் வேறு. குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடம் வரை பிந்துவதைத் துறையார் பொதுவாகத் தாமதக் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணங்களுக்கு அனைத்துலக அளவில் இரட்டை இலக்க எண்கள் வகுக்கப்பட்டுள்ளன; அவற்றுள் 93 என்பது, ஏறவேண்டிய விமானமே முந்தைய ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்படும். காலையில் எங்கோ அரைமணி பிந்திய விமானம், அந்த அரைமணியைக் கைமாற்றுக் கடன்போல் ஊர் ஊராகச் சுமந்து, பொழுது சாய்வதற்குள் வட்டியும் முதலுமாகக் கடைசி ஊர்க்காரர் தலையில் இறக்குகிறது. இது தொடர் தாமதம் எனப்படும். மூன்று மணி நேரத்தை மொத்தமாக அறிவிக்காமல், நகைச்சீட்டுக் கட்டுவதுபோல் அரை அரை மணியாக அறிவிப்பது தவணைத் தாமதம் எனப்படும். இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அவருக்காக வீட்டில் சாப்பிடாமல் காத்திருப்போருக்கு அவ்விதியில் ஏற்பாடு ஏதுமில்லை.

காரணங்களுள் பனிமூட்டம் தனியே நோக்கத் தக்கது. விமானி கண்ணால் பார்த்தே ஓட்டும் முறைக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தொலைவாவது தெரியவேண்டும் என்பர். ஒண்டிக்கடையிலோ மார்கழிக் காலையில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தாலே தெளிந்த வானிலைதான். பேருந்து ஓட்டுநர் விளக்கைப் போட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக் கீழே இறங்கிவிடுகிறார். ஆகவே பனியால் தாமதம் என்ற செய்தியை மலைமேலிருந்து கேட்பவர் முழுமனதாக ஏற்பதில்லை. புகையை ஏற்பர்: 2018இல் போகியன்று சென்னையில் எரித்த பழம்பொருள்களின் புகை பனியோடு கூடி விமானங்களை முடக்கியதால், பொங்கலுக்கு ஊர் திரும்புவோர் போகியால் தடைப்பட்டனர்.

தாமதம் மொழியில் விளைவிக்கும் மாற்றமே இவ்வாய்வின் தலையாய பகுதி. ஒரு காலத்துக்குரிய செயலை வேறொரு காலத்தால் சொல்வது வழு. தக்க காரணம் பற்றி அது ஏற்கப்படுமாயின் கால வழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களை நன்னூலில் பவணந்தி முனிவர் ஏற்கிறார். சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்திருக்காமலே “இதோ வந்துட்டேன்” என்பது விரைவு பற்றியது. ஆனால் “கிளம்பிட்டியாப்பா?” என்று ஒண்டிக்கடையிலிருந்து கேட்கும் தாய்க்குச் சென்னையிலிருந்து “ஏறிட்டேம்மா” என்று வரும் விடையை எதில் அடக்குவது? ஏறுதல் நிகழவில்லை, ஏறவேண்டியதும் வேறு ஊரில் நிற்கிறது. விரைவென்று கொள்ள வழியில்லை; தெளிவென்று கொள்ளலாமெனில் அறிவிப்பவருக்கே தெளிவில்லை. எனவே, தாயை ஆற்றுதல் என்றோர் ஐந்தாம் காரணத்தைச் சேர்ப்பது தவிர்க்க இயலாதது. உடன் ஒலிக்கும் “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்னும் தொடரும் உரைகாணத் தக்கதே: வருந்துகிறோம் என்பது தன்மைப் பன்மை வினைமுற்று, வருந்துபவர் அக்கூடத்தில் எங்கு தேடினும் அகப்படாமையால், தோன்றா எழுவாய்க்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

இனி அடுப்படி. நாட்டுக்கோழிக் குழம்பைத் தாமதம் அளக்கும் கருவியாகக் கொள்ளலாம். முதல்முறை சூடாக்கும்போது சுவை கூடுகிறது. இரண்டாம் முறையில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க, கறி எலும்பை விடுகிறது. மூன்றாம் முறையில் அடிப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் ஊற்றவேண்டி வருகிறது, இது ரசநிலை. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையில் அத்தையோ சித்தியோ, “அவன் வர்றப்ப வரட்டும், பிள்ளைங்க பசி தாங்காது” என்று தட்டெடுத்து வைப்பதும், தாய் மட்டும் “எனக்குப் பசிக்கல” என்பதும் நிகழும். பின்னதும் மேற்கூறிய ஐந்தாம் காரணத்தில் அடங்கும். இறுதியில் கார் மலையேறி ரவுண்டானாவைத் திரும்புகையில், “ஒண்டிக்கடை வந்துட்டேன்” என்று பயணி சொல்வதே அன்று முழுவதும் அவர் சொன்னவற்றுள் வழுவற்ற ஒரே இறந்தகாலம். காலை முதல் இதே விகுதியைக் கேட்டிருந்த வீடு அதையும் நம்புவதில்லை. கார் விளக்கின் வெளிச்சம் சன்னலில் விழுந்த பின்னரே நான்காம் முறையாக அடுப்பு பற்றவைக்கப்படுகிறது.