சுத்துது... பத்த மாட்டேங்குது!

கே: அண்ணே, போன மாதம் செகண்ட் ஹேண்ட் காடி ஒன்று வாங்கினேன். சாவியைத் திருப்பினால் ‘குர்ர்... குர்ர்’ என்று நன்றாகச் சுற்றுகிறது. ஸ்டார்ட் மட்டும் ஆவதில்லை. பேட்டரியை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் பம்பையும் மாற்றிவிட்டேன். அடுத்து எதை மாற்றலாம்?
— நொந்துபோனவர், எஸ்எஸ் 15

ப: பழக்கத்தை, தம்பி. நன்றாகச் சுற்றுகிறது என்றாலே பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. புது பேட்டரிக்குக் கொடுத்த காசு தர்மக் கணக்கில் போகும். இனி எஞ்சினுக்கு வேண்டியது மூன்று: பெட்ரோல், தீப்பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம். மூன்றும் சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் கேட்க வேண்டும். அதுதான் பெட்ரோல் பம்ப். கேட்கவில்லையா? பம்பைப் பழிப்பதற்கு முன் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஃபியூஸ் சில காசு, பம்ப் சில நூறு வெள்ளி. அடுத்து, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறதா? அப்படியானால் காடி உங்களைத் திருடன் என்று நினைக்கிறது. வேறு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். கடைசியாக, சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? பல காடிகளில், அசையாத முள், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைக் கைகாட்டும்.

கே: எனக்கும் அதே பிரச்சினைதான். ஆனால் ஸ்டார்ட்டர் முன்பைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது. தேறிவருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— நம்பிக்கை நாயகன், பூச்சோங்

ப: கையை சாவியிலிருந்து எடுங்கள்! அது தேறிவரும் சத்தமல்ல. பாரமே இல்லாமல் சுற்றும் சத்தம். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் அறுந்தால் வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பிஸ்டன் மட்டும் மேலும் கீழும் போய்வரும். பல எஞ்சின்களில் இரண்டும் மோதி வால்வு வளையும். இன்னொரு தடவை பார்ப்போம் என்று திருப்பும் ஒவ்வொரு முறையும் பில் நீளும். லோரியைக் கூப்பிட்டுத் தூக்கிப் போங்கள். பழைய காடி வாங்கினால், பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். “இப்பத்தான் மாத்துனது” என்ற பதிலுக்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்று பொருள்.

கே: காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. கிள்ளானுக்குப் போய் வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. அரைமணி நேரம் காத்திருந்தால் ஆகிவிடுகிறது. பேய் பிசாசு ஏதும்...?
— பயந்தவள், யூஎஸ்ஜே

ப: பேய்க்குச் சூடு ஆகாது என்று கேள்விப்பட்டதில்லை, கிராங்க் சென்சாருக்கு ஆகாது. ஓடிவந்த எஞ்சினை நிறுத்தியதும் அதன் சூடு முழுக்கச் சுற்றியுள்ள சாமான்களில் ஏறும். வயதான சென்சார் அந்தச் சூட்டில் மௌனமாகிவிடும், ஆறினால் பேசும். சிக்கல் என்னவென்றால், பொமன் வந்து சேர்வதற்குள் காடி ஆறிவிடும். பல் டாக்டரைக் கண்டதும் நின்றுபோகும் பல்வலி மாதிரி. ஆகவே ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்திலேயே ஸ்கேனர் போடச் சொல்லுங்கள், அக்கா. ‘பி0335’ என்று வந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு சென்சாரின் வயரையும் பார்க்க வேண்டும். எலிக்கும் கிள்ளான் சாப்பாடு பிடிக்கும். கிடைக்காத நாளில் வயரைக் கடிக்கும்.

கே: ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என் வீட்டுக்காரர் பெடலை மிதி மிதி என்று மிதித்து, ஒரு நிமிடம் விடாமல் சுற்றுவார். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது.
— மூக்கைப் பிடித்தவள், பிரிக்பீல்ட்ஸ்

ப: பிளக் பெட்ரோலில் குளித்துவிட்டது. இஞ்செக்‌ஷன் காடியில் பெடலை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி சுற்றினால், பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். உள்ளே காற்று மட்டும் போய்க் காய வைக்கும். எஞ்சின் பற்றியதும் காலை எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. இடையில் ஓய்வு கொடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும்தான்.

கே: தள்ளினால் ஸ்டார்ட் ஆகுமா?
— பலசாலி, சன்வே

ப: ஆட்டோ கியர் என்றால் உங்கள் உடம்பு இளைக்கும், அவ்வளவுதான். மேனுவல் என்றாலும், தள்ளுவது ஸ்டார்ட்டரின் வேலையைத்தான் செய்யும். அதுதான் ஏற்கெனவே சுற்றுகிறதே!

கே: மலிவாக ஒரு காடி வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
— உஷார் பேர்வழி, ஷா ஆலாம்

ப: 2021 டிசம்பரில் உங்கள் ஊர் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் காடிகளை மூழ்கடித்ததைப் பார்த்தவர் நீங்கள், சந்தேகம் நியாயம்தான். சீட் பெல்ட்டை முழுதாகக் கடைசிவரை இழுங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு அங்கே இருக்கும். ஸ்பேர் டயர் குழியையும் சீட்டின் அடிக்கம்பியையும் தடவிப் பாருங்கள். தண்ணீர் குடித்த வயர் முனைகளில் பச்சை பூக்கும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்துச் சுற்றும், பத்தாது.

கே: விற்ற தவுக்கே “வாங்கினா வாங்கினதுதான்” என்கிறார்.
— ஏமாந்தவர், பெட்டாலிங் ஜெயா

ப: 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லையே! பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் விற்றது கடைக்காரராக இருக்க வேண்டும். மச்சானிடம் வாங்கியிருந்தால் அந்த வழக்கு மாமியார் வீட்டில்தான் நடக்கும்.

கே: நண்பர் பழைய சாகா வாங்கச் சொல்கிறார். பெயர் ராசியானதா?
— ராசிக்காரர், கிள்ளான்

ப: 1985 ஜூலை 9-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவுக்கு, சாகா மரத்தின் சிவப்பு விதையை வைத்துப் பெயரிட்டார்கள். அது நம்ம ஊர் மஞ்சாடி. இரண்டு குன்றிமணி எடை என்று தட்டான்கள் பொன் நிறுத்த விதை. தமிழில் படித்தால் ‘சாகா’, அதாவது இறவாதது! ஆனால் சாகா வரம் பெற்றவர்களும் பிளக் மாற்றத்தான் வேண்டும்.

கே: உங்கள் காடி எப்போதாவது நடுவழியில் நின்றதுண்டா?
— குறும்பன், தைப்பான்

ப: உங்கள் ஊரில்தான். இரவு பத்து மணி, மாமாக் கடை எதிரில். தே தாரே கிளாஸோடு நாலு பேர் வந்து சூழ்ந்தார்கள். ஒருவர் காயில் என்றார், ஒருவர் ரிலே என்றார், நான் கிராங்க் சென்சார் என்று வகுப்பெடுத்தேன். பம்ப் முனகியது, பிளக்கில் பொறியும் வந்தது. ஒரு மணி நேரம் போனது. பின்சீட்டில் தூங்கி எழுந்த மகள் கேட்டாள்: “அப்பா, எண்ணெய் இருக்கா?” முள் கால் டாங்க் என்று காட்டியது. டாங்க் காலி, முள்தான் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் எண்ணெய் ஊற்றும்போது கிலோமீட்டரைப் பூஜ்யமாக்கிக்கொள்கிறேன். அவளைக் கேட்காமல் பானெட்டைத் திறப்பதில்லை.