தலையணையோடு மலையேறுபவர்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிவிட்டு சோளக்காட்டில் பஸ் நின்றதும், இறங்குகிற கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லார் கையிலும் பை இருக்கும். இவர் கக்கத்தில் தலையணை இருக்கும். சொந்தத் தலையணை இல்லாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் வராது என்பது வேறு விஷயம். பஸ்ஸில் பாதிப் பேர் அடுத்தவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வர, வளைவுக்கு வளைவு வைத்திருக்கும் நம்பர் பலகையை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தவர் இவர் மட்டும்தான்.

"கொல்லிமலைக் குளிருக்குப் படுத்தீங்கன்னா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவீங்க" என்று சேலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பி, மனைவியோடு குடிவந்துவிட்டார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்த வல்வில் ஓரியின் மலை இது. இவரும் அம்பறாத்தூணியோடுதான் வந்திருக்கிறார்: ஜாதிக்காய்ப் பொடி, கசகசா, அஸ்வகந்தா, மெக்னீசியம் மாத்திரை, காதுக்குப் பஞ்சு, கண்ணுக்குக் கறுப்புத் துணி. அத்தனையும் குறி தப்பியவை. மிச்சமிருப்பது தூக்கத்துக்கு மார்க் போடும் கைக்கடிகாரம். காலையில் ஓரளவு தெம்பாகத்தான் எழுந்திருப்பார். 'ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்' என்று கடிகாரம் காட்டும். அதைப் படித்த பிறகுதான் களைப்பு வரும்.

டீக்கடைக்காரர் மரியாதைக்கு, "ஏனுங்க சார், நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டுவிடுவார். எந்த நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது, பல்லி எந்தப் பக்கம் சத்தமிட்டது என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் எதிரே ஒரு லோடு பலாப்பழம் ஏறி முடிந்துவிடும். மறுநாள் டீக்கடைக்காரர், "சர்க்கரை தூக்கலாங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இவருடைய கணக்கு எளிமையானது. ராத்திரி 9 மணிக்கு விளக்கை அணைத்தால் காலை 7 வரை 10 மணி நேரம். அதில் தூங்குவது ஐந்தரை. மீதி நாலரை மணி நேரம் மேற்கூரை, கடன், எப்போதோ ஒரு மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை. தூக்கம் குறையக் குறைய இன்னும் சீக்கிரம் படுப்பார், ரேஷன் கடையில் முதல் ஆளாகப் போய் நின்றால் சர்க்கரை கிடைத்துவிடும் என்பதுபோல. கட்டிலைப் பார்த்தாலே விழித்துக்கொள்ளும்படி உடம்பைப் பழக்கிவிட்டவர் இவரேதான்.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் தூக்கக் குறிப்பு எழுதிவரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, "ஐந்தரை மணி நேரம்தானே தூங்குறீங்க? கட்டில்லயும் அவ்வளவு நேரம்தான். ராத்திரி 12 முதல் காலை 5.30. பகல்ல கண்ணை மூடவே கூடாது" என்றார்.

"தூக்கம் வரலைன்னு போனா, தூங்காதேங்கறானே!" என்று வெளியே வந்து மனைவியிடம் பொருமினார். டாக்டர் சொன்னது ஒன்றும் புதிதில்லை. ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் கூட்டாளிகளும் 1987இலேயே கட்டுரையாக வெளியிட்ட முறைதான். தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துபோ என்ற விதி அதற்கும் முந்தியது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது. இந்த இரண்டும் சேர்ந்த பயிற்சி முறையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகத் தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. வலிப்பு உண்டா, மனநிலை ஏறி இறங்கும் நோய் உண்டா, குறட்டை எப்படி என்றெல்லாம் டாக்டர் முதலிலேயே விசாரித்துக்கொண்டார். சில வாரம் கார் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். இந்த மலைப்பாதையில் அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு 70 வளைவு தேவையில்லை, ஒன்றே போதும்.

ராத்திரி 9 முதல் 12 வரை சோளக்காட்டில் ஒரு மனிதன் என்ன செய்வான்? கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பழைய மின்கட்டண ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். பஞ்சாங்கத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தார். குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் சிநேகமாகிவிட்டன. பக்கத்து வீட்டில், "காவலுக்கு ஆள் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். கொட்டையை வறுத்து அரைத்த மலைக் காப்பியையும் மத்தியானத்துக்குமேல் தொடக்கூடாதாம். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்து கண்ணைச் சுழற்றும். காப்பி அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்ய விடாது. மாலை 5 மணிக் காப்பியில் ஏறக்குறைய பாதி, ராத்திரி 10 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

பகல்தான் நரகம். சாப்பிட்டு உட்கார்ந்தால், "என்னங்க, கண்ணு சொருகுது" என்று மனைவி கரண்டிக் காம்பால் குத்துவார். தூக்கம் வரவில்லை என்று வருஷக்கணக்காக அழுதவர், ஐயோ தூக்கம் வருதே என்று அழுதார். முக்கால்வாசிப் பேர் சண்டை போட்டு நிறுத்துவது இந்த இடத்தில்தான் என்பது என் ஊகம்.

சந்தையில் ஒருநாள், மூட்டைமேல் குப்புறக் கிடந்து குறட்டை விட்ட சுமைக்காரரைப் பார்த்து, "கொடுத்து வெச்ச ஆளு" என்று பெருமூச்சு விட்டார். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "மூணு மணிக்கு எந்திரிச்சவனுங்க நானு. பத்து நிமிசம் விட்டாக் கவுந்துருவேன். இதுல என்னங்க கொடுப்பினை?" என்றார். நம்மவர் ஃபீஸ் கட்டிச் செய்வதை அவர் கூலிக்குச் செய்கிறார். ஒரு வித்தியாசம்: நம்மவருக்குப் படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூக்கம் என்று வந்தால் அடுத்த வாரம் 15 நிமிஷம் கூட்டித் தருவார்கள். சுமைக்காரருக்குக் கூட்டித் தர யாரும் இல்லை.

முதல் 15 நிமிஷம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம். அடுத்த வாரம் ஒரு பாழான ராத்திரி வந்தது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டார். அதன் பிறகு இன்னொரு 15, இன்னொரு 15. சில வாரங்களில் கட்டில் மறுபடி கட்டிலாயிற்று. இப்போது ஆறரை மணி நேரம் தூங்குகிறார். நடுவில் விழிப்பு வந்தால், வந்தது போகட்டும் என்று புரண்டு படுக்கிறார்.

தூங்காதவராக இருந்தபோது இவர் ஒரு டீக்கடைக்குத்தான் தொந்தரவு. தேறிய பிறகு மலைக்கே தொந்தரவு. ஆகவே சோளக்காடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவர் எதிரில் கொட்டாவி விடாதீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிடுவார்.