மூலபத்ரத்தில் வங்கிக் கணக்கு

கேள்வி: ரகசியம் பேச அன்றைய திருவிதாங்கூரில் மூலபத்ரம் இருந்ததே! இன்றைய வங்கிச் செயலிக்கு அது போதாதா?
– வாசகர், திருவனந்தபுரம்

பதில்: மூலபத்ரத்தை நம்பினால் கணக்கில் மிச்சம் இருக்காது. அது எழுத்துகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றும் முறை. த–ப ஒரு ஜோடி, ந–ம இன்னொன்று. ஆகவே 'நிதி' என்பது 'மிபி' ஆகும். மறுபடி மாற்றினால் 'நிதி' திரும்பி வரும். பூட்டவும் திறக்கவும் ஒரே அட்டவணை என்பது அதன் அழகு. அட்டவணை தெரிந்த எவரும் திறக்கலாம் என்பது அதன் பலவீனம். தெரியாதவர்கூட, எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணியே கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு 1949-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் வழி சொன்னார்: சாவிக்கும் மறைத்த செய்திக்கும் உள்ள தொடர்பைக் குழப்பு; செய்தியின் ஒவ்வொரு பிட்டின் தாக்கத்தையும் எங்கும் பரப்பு. பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்து, 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்ற, இன்றைய வங்கிச் செயலிகள் நம்பும் ஏ.இ.எஸ். குறியாக்க முறை அப்படித்தான் இயங்குகிறது. செய்தியை 16 பைட் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அட்டவணைப்படி பைட்டுகளை மாற்றி, வரிசைகளை நகர்த்தி, பத்திகளைக் கலந்து, சாவியைச் சேர்க்கும். கடைசிச் சுற்றில் மட்டும் கலப்பு கிடையாது. 128 பிட் சாவிக்கு 10 சுற்றுகள். ஒரு பைட்டில் செய்த மாற்றம் இரண்டே சுற்றில் பதினாறையும் தொட்டுவிடும்.

இதன் அட்டவணை ஊரறிந்தது. ரகசியம் சாவியில் மட்டுமே இருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் அதே சாவியை வைத்திருப்பதால் இது சமச்சீர் முறை. இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். திருடனுக்கு ஆயுள் போதாது.