தேய்ந்த தரையும் தேயாத வாடகையும்

ஏற்காட்டை ஒட்டிய வாழவந்தியின் பெயரிலேயே ஒரு குடித்தனக்காரர் ஒளிந்திருக்கிறார். உண்மையான பெயர்க் காரணம் எதுவாகவும் இருக்கட்டும்; வாழ வந்தவர் தரையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. மலையில் வீடு கட்டுவதென்றால் சரிவின் ஒரு பாதியை வெட்டி, அந்த மண்ணை மறுபாதியில் கொட்டி மட்டம் செய்வார்கள். வெட்டிய பக்கம் அசையாது. கொட்டிய பக்கம், சரியாகத் திமிசு போடாவிட்டால், மழைக்கு மழை உள்வாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சிமெண்ட் தரை கோடு போட்டதுபோல வெடிக்கும். அந்தக் கோட்டைக் காட்டினால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "அம்மியை எங்கே வச்சு அரைக்கிறீங்க?"

வீட்டை வாங்கிக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிற 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்கூட, 108ஆம் பிரிவில் நியாயமான தேய்மானத்துக்கு விலக்குத் தருகிறது. நடந்தால் தரை தேயும் என்பதை வெள்ளைக்காரன் அன்றே ஒப்புக்கொண்டான். நம் வீட்டுக்காரர்கள் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்டவணை போட்டு வேலையைப் பங்கு பிரிக்கிறது. சுண்ணாம்பு அடிப்பதும் கட்டுமானப் பழுதும் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், பூட்டு, கீசர், குளியல் தொட்டிப் பழுது எல்லாம் குடித்தனக்காரருக்கு. ஒற்றை அறை ஓட்டு வீட்டில் குளியல் தொட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பவர் அதைப் பழுது பார்க்கட்டும். தரை என்று ஒரு வரி அந்தப் பங்கீட்டில் இல்லை. காப்பித் தோட்டத்து லயன் வீடுகளுக்கும் பொருந்திய 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தருவதோடு அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. வீடு இடிந்து விழுந்து ஆளுக்குச் சேதமென்றால் நஷ்டஈடு என்று 1981இல் திருத்தமும் வந்தது. கூரை விழும், சுவர் விழும். தரை எங்கே போய் விழும்? அதற்குக் கீழே இடமில்லாதது அதன் தலையெழுத்து. ஆனாலும் உள்வாங்கிய தரை கட்டுமானப் பழுது இல்லையென்றால் வேறென்ன? வெறும் கால்பட்டுத் தேய்ந்ததோ வாடகைக்குள் அடக்கம். பஸ் டிக்கெட் வாங்கியவரிடம் டயருக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.

"பார்த்துத்தானே வந்தீங்க?" என்பார்கள். பார்த்தது விரிசலை; அது வளரும் வேகத்தை அல்ல. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே விறகு பிளப்பவர்களும், காஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டுபவர்களும் உண்டு என்பார்கள். உண்டு, பிளந்தவரே பூசிக் கொடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. "வர்ற வாடகைக்கு டைல்ஸா?" என்பதுதான் கனமான கேள்வி. வரி கட்டும் வீட்டுக்காரருக்குப் பதில் சுலபம். வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரு கரண்டி சிமெண்ட் வாங்கியதற்குக்கூட ரசீது காட்ட வேண்டாம். அரசாங்கமே கொத்தனார் கூலிக்கு இடம் விட்டிருக்கிறது, கொத்தனார்தான் இன்னும் வந்து சேரவில்லை. நாலு மிளகுக் கொடியும் ஒரு பக்கத்து அறையும் வைத்துப் பிழைப்பவருக்கு இந்தச் சலுகை உதவாது என்பது உண்மை. அவரிடம் யாரும் டைல்ஸ் கேட்கவில்லை. உள்வாங்கிய இடத்தைக் கொத்தி, மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, காவி கலந்து பூசிவிட்டால் போதும்.

ஆனால் நடப்பது வேறு. வெடிப்பின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வந்து விழுகிறது. அடுத்து வாழ வருபவர் பார்த்துவிட்டு வருவது அந்தப் பூவை.